ஒன்பது கட்டத்துப் பெரும்போர்

சுற்றுதல் ஒழியாய், சென்றிடம் அறியாய்,
பற்றிய கண்ணைப் பறித்திடல் விடாய்,
வெற்றுத் திரையில் விளங்கிய வட்டமே,
சற்றே நின்றெமக் கிடமொன் றருளே!

கணினித் திரையில் ஓயாது சுழலும் வட்டத்துக்குக் காப்புப் பாடியாயிற்று. அது இரங்குமோ இரங்காதோ, நம் கடமை முடிந்தது. இனி நாயகரைப் போற்றுவோம்.

வாழ்க, மருந்தாளுநர் திலகம்! வாழ்க, மாத்திரைப் பட்டைகளின் மன்னர்மன்னன்! மருத்துவர்கள் கிறுக்கும் கோழிக்கிறுக்கலைக் கண்ணிமைக்கும் பொழுதில் கரைத்துக் குடித்து, இன்னது இதுவே என்று எடுத்து நீட்டும் ஈடிலாக் கையினர். இருமல், சளி, ஏப்பம், எரிச்சல் என்னும் நால்வகைப் படையையும் கண்ணாடி அலமாரியின் பின்னே நின்றபடியே புறங்கண்டவர். பைனாகுலர் வார் உராய்ந்து உராய்ந்து பிடரியில் விழுப்புண் பெற்றவர். வாசலில் ஒரு சிறகடிப்புக் கேட்டால் காய்ச்சல்காரரையும் கல்லாவையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, அண்ணாந்து நின்று, ஆட்டோக்காரரிடம் வசவு வாங்கித் திரும்பும் அஞ்சா நெஞ்சர். இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண அட்டையோடு சரி. ஊர் இவரை அழைப்பது கறார் என்றுதான்.

அப்பெயர் வந்த வரலாறு சிறிது. தலைவலித் தைலம் கேட்டு ஒருவர் வருவார்; கேட்ட தைலம் கடையில் இராது. "சரி, அதே மாதிரி வேற எதாவது குடுங்க" என்பார். உலகத்து மருந்துக் கடைக்காரர் அனைவரும் அச்சொல் காதில் விழுந்ததும் அடுத்த டப்பாவை எடுத்து நீட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நம் கறார்ப் பெருமானோ, நெஞ்சு நிமிர்த்தி, மூக்குக் கண்ணாடியை மேலேற்றி, அலமாரிக் கண்ணாடிகள் அதிரும் குரலில், "அதே மாதிரி என்று ஒன்று இவ்வுலகில் இல்லை ஐயா! ஒன்று அது அதுவாக இருக்கும். இல்லையேல் அது வேறாக இருக்கும்!" என்று பிரகடனம் செய்வார். ஒரு தலைவலியோடு வந்தவர் இரண்டு தலைவலியோடு அடுத்த தெருக் கடைக்குப் போவார். வியாபாரம் என்னவோ சுமார்தான்.

நாயகியையும் இப்போதே போற்றிவிட வேண்டும். விட்டால் நமக்குப் பல் மிஞ்சாது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையை அரியணையாகவும் எண் எழுதிய அட்டைக் கட்டைச் செங்கோலாகவும் கொண்டு, வீங்கிய கன்னங்களின் பெருநாட்டை ஒருகுடைக்கீழ் ஆண்டவர் அவர் மனைவியார். "ஒரு நிமிஷ வேலைதாங்க, எட்டிப் பாத்துட்டுப் போயிடறேன்" என்று நடுவில் நுழைய வந்த எத்தனையோ வீராதிவீரர்களை, வாய் திறவாமல், ஒற்றைப் புருவத்தை உயர்த்தி வரிசைக்கடைசிக்கு அனுப்பிய ஆற்றலர். டோக்கன் அக்கா என்று நோயாளிகள் நடுங்கி அழைத்த அவரை, காவியத்தின் கண்ணியம் கருதி, டோக்கன் அம்மையார் என்று நாம் அழைப்போம்.

இவ்விருவருக்கும் தேனிலவு என்று ஒன்று நடந்ததுண்டு. நடந்த இடம் சதுப்பு நிலம். "அழகான இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்ற சொல்லை நம்பிப் புதுச்சேலையும் புதுச்செருப்புமாகப் புறப்பட்ட அம்மையார், முழங்கால் சேற்றில் நின்று, தும்மலையும் விழுங்கி, வரவே வராத ஒரு நாணற்பறவைக்காகப் பகல் முழுதும் காத்திருந்து, அட்டைகளுக்கு அன்னதானம் செய்து வீடு திரும்பினார். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வோர் ஆண்டும் சொன்னார்.

அத்தீராக் கடனைத் தீர்க்கவே தீவுப் பயணம் என்னும் பெருந்திட்டம் உதித்தது. கடலில் வெகு தொலைவில், வரைபடத்தின் மேல் ஈ உட்கார்ந்து எழுந்த இடம்போல் சில புள்ளிகள் உண்டு. மனிதர் குடியிராத அத்தீவுகளில்தான் அல்பட்ராஸ் என்னும் பறவைப் பேரரசு கூடு கட்டும். இருமல் மருந்துக் கம்பெனி ஒன்று எக்காலத்திலோ கொடுத்த நாட்காட்டியில், கைவிரித்தாற்போல் இறக்கை விரித்து அது பறக்கும் படம் கறார்ப் பெருமானின் கடைச்சுவரில் தொங்கியது. ஆண்டு பல கழிந்தும் அதை அவர் கழற்றவில்லை. அதைப் பார்த்துக் கிழமையைத் தப்பாகக் கணக்கிட்டு மாத்திரை விழுங்கியோரும் உளர். அந்த இறக்கையை ஒருமுறை நேரில், தலைக்கு மேலே, கண்ணாரக் கண்டுவிட்டால் போதும், அப்புறம் கண் மூடினாலும் கவலையில்லை என்று அவர் நெஞ்சு தவித்தது. அம்மையாருக்கோ பறவை என்றாலே காலில் அட்டை ஊரும். அவர் கேட்டது திமிங்கலம்.

"இத்தனை வருஷமா பல்லு வலிக்கிற வாயாவே பாத்துட்டேன். பல்லே இல்லாத பெரிய வாய் ஒண்ணு, சாகறதுக்குள்ள பாத்துரணும்" என்பது அவ்வம்மையார் திருவாய் மலர்ந்தருளிய சூளுரை.

இனிப் போர்கள். முதற்போர் உணவு மேசையில் மூண்டது. உப்புச் சாடி ஒரு தீவாகவும், மிளகுச் சாடி மறுதீவாகவும், சர்க்கரை டப்பா திமிங்கலம் உலவும் ஆழ்கடலாகவும் நிலைநிறுத்தப்பட, கரண்டி என்னும் கப்பல் அவற்றினிடையே ஓடியது. பறவை அடைகாக்கும் பருவத்தில் திமிங்கலம் வேறெங்கோ வலசை போயிருக்கும். திமிங்கலம் திரும்பும் பருவத்தில் பறவை கூட்டைக் காலி செய்திருக்கும். அவர் கப்பலை உப்பை நோக்கித் தள்ள, அம்மையார் சர்க்கரையை நோக்கி இழுக்க, இடையில் பால் பொங்கிவிட்டபடியால் அம்மையார் கப்பலையே பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓட, அன்றைய போர் அத்துடன் ஒழிந்தது. மறுநாள் உடன்படிக்கை ஏற்பட்டது. வலசை வரும் வாலும் கூட்டை விடாத இறக்கையும் ஒன்றாய்க் காணக் கிடைக்கும் குறும்பருவம் ஒன்று உண்டென்றும், அப்பருவத்தில் ஒரே ஒரு சிறு கப்பல் போகுமென்றும் நாயகர் கண்டுபிடித்தார். அந்தக் கப்பலில் இடம் பிடிப்பது குதிரைக்கொம்பு என்பதையும் சேர்த்தே கண்டுபிடித்தார்.

இரண்டாம் போர் செருப்பு அலமாரிக்கருகே நிகழ்ந்தது. அத்தீவுகளில் வெளியூர் விதை ஒன்று விழுந்தாலும் ஆபத்து. ஆகவே வருவோர் தம் காலணியில் ஒட்டிய மண், முள், விதை யாவற்றையும் துப்புரவாக நீக்கி வருக என்பது தீவுக் காவலரின் ஆணை. கறார்ப் பெருமானின் காலணியிலோ அவர் கால் பதித்த காடுகள் அனைத்தும் குடியிருந்தன. அம்மையார் அஞ்சினாரா? அஞ்சவில்லை. மருத்துவமனையில் கழித்துக் கட்டிய, நுனி வளைந்த பல் குத்தும் கம்பியை எடுத்து வந்து, வெளிச்சம் விழுமாறு மேசைவிளக்கைத் திருப்பி, காலணியின் நாக்கை இழுத்துப் பிடித்து, "ஆ... இன்னும் பெரிசா" என்று பழக்கதோஷத்தில் அதட்டி, வெல்க்ரோ ஒட்டுப்பட்டையின் பல்லிடுக்குகளில் ஒளிந்திருந்த நெருஞ்சிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினார். வேலை முடிந்ததும் அக்காலணியைப் பார்த்து, "ரெண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக்கூடாது" என்றும் சொன்னதாகக் கேள்வி.

மூன்றாம் போர் வயிற்றோடு. அலையில் ஆடும் கப்பலில் குடல் புரளாதிருக்க, இருவரும் மாலைதோறும் பூங்கா ஊஞ்சலில் அமர்ந்து ஆடிப் பயின்றனர். ஊஞ்சலுக்காகக் காத்து நின்ற பிள்ளைகள் அழுதபோது, "வரிசையில வா" என்றார் அம்மையார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நாயகருக்குத்தான் மூன்றாம் ஆட்டத்திலேயே தலை சுற்றியது. அதற்கான மாத்திரையை அவரே அவருக்கு விற்றுக்கொண்டார்.

எல்லாம் நன்றாய்த்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் காவியம் என்றால் பகைவன் வேண்டாமா? வந்தான், அம்மையாரின் அண்ணன் உருவில். டயர்க் கடை நடத்தும் அப்பெருந்தகை, தொந்தி முன்னே வரத் தான் பின்னே வரும் பெருமிதத்தர். ஞாயிறுதோறும் தங்கை வீட்டுச் சாய்வு நாற்காலியை ஆக்கிரமிப்பவர். பறவைகள் பற்றிய அவரது சித்தாந்தம் மிக எளிது. கறுப்பாய் இருந்தால் காக்கா. வெள்ளையாய் இருந்தால் வெள்ளைக் காக்கா. நீரில் இருந்தால் வாத்து. அவரிடம் போய், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தீவையும் கப்பலையும் முன்பதிவு திறக்கும் நாளையும் ஒன்றுவிடாமல் அளந்துவிட்டார் நம் நாயகர். நுணலும் தன் வாயால் கெடும்.

"எல்லாம் காக்காதானே மாப்ள, இதுக்கு இவ்ளோ தூரமா?" என்று கேட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து, "சரி, கப்பல்ல சாப்பாடெல்லாம் நல்லாருக்குமா?" என்றும் கேட்டார் மச்சான். அவ்விரண்டாம் வினாவின் உட்பொருளை நாயகர் அன்று உணரவில்லை.

முன்பதிவு நாள் விடிந்தது. மருந்துக் கடையின் பின்கட்டில், பஞ்சுச் சுருளும் குளுக்கோஸ் டப்பாவும் கூரை முட்ட அடுக்கிய குகையில், தூசி படிந்த கணினி ஒன்று வீற்றிருந்தது. கடைக்கதவம் பாதி இறங்கிற்று. கறார்ப் பெருமான் பைனாகுலரைப் பூண்டார். திரை ஒரு முழ தூரத்தில் இருக்க அது எதற்கு என்று கேட்காதீர், வீரர் கவசம் பூணுவதற்குக் காரணம் கேட்கலாகாது. அம்மையார் விடுப்புச் சொல்லி வந்து, ஸ்டூலில் அமர்ந்து, விரல்களை நெட்டி முறித்தார். குறித்த நேரத்தில் தளம் திறந்தது. திறந்ததும், நாம் காப்பில் போற்றிய அந்த வட்டமானது, தனக்குத் தலையுமில்லை வாலுமில்லை என்பதால் தனக்கு முடிவுமில்லை என்று சுழலத் தொடங்கியது. "உங்களுக்கு முன் பலர் காத்திருக்கிறார்கள்" என்றது திரை.

நாயகரின் கை துடித்தது. பக்கத்தைப் புதுப்பித்துப் பார்ப்போமா என்று கணினியின் எலியை நோக்கி ஊர்ந்தது. அப்போது முழங்கினார் அம்மையார்: "வரிசையில நின்னுட்டு நகர்ந்தவனுக்கு இடம் கெடையாது. கைய எடுங்க!"

எடுத்தார். பொறுமையிழந்தோரெல்லாம் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து வரிசைக்கடைசிக்கு வீசப்பட, அசையாதிருந்த அம்மையார் அங்குலம் அங்குலமாய் முன்னேறினார். பல்வலியரசர் பலரை ஆண்ட பயிற்சி வீண்போகவில்லை. வட்டம் நின்றது. வாயில் திறந்தது. "இரண்டு இடங்களே மீதம். விரைந்து முடிக்கவும். முடிக்கும்வரை இடம் உமதல்ல" என்று எழுந்த எழுத்துகளைக் கண்டு இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டனர், தேனிலவில்கூட அப்படிப் பற்றியதில்லை, அங்கே கை நிறையச் சேறு. பயணி ஒன்று என்ற இடத்தில் தம் பெயரையும், பயணி இரண்டு என்ற இடத்தில் நாயகர் பெயரையும் மளமளவென்று தட்டினார் அம்மையார். தட்டுபவர் பெயர்தானே முதலில் வரும். அதை அப்போது யாரும் பெரிதாய் நினைக்கவில்லை.

எஞ்சியது ஒரே ஒரு வாயில். "நீவிர் இயந்திரமல்லர், மனிதரே என்று மெய்ப்பிக்கவும். கீழ்க்காணும் ஒன்பது கட்டங்களில் கடற்காகம் உள்ள கட்டங்கள் அனைத்தையும் தேர்க."

கறார்ப் பெருமான் சிரித்தார். ஆகா, என்ன சிரிப்பு! பரீட்சைக்குப் போன மாணவன் கேள்வித்தாளில் தன் பெயரையே கேள்வியாகக் கண்டாற்போன்ற சிரிப்பு. "தள்ளு. இது எனக்கென்றே வைத்த தேர்வு!" என்று ஸ்டூலை வாங்கிக்கொண்டு அமர்ந்தார். பருத்த உடல், விசிறி வால், கொக்கி அலகு, களவாணிப் பார்வை, கடற்காகம்! அழுத்தினார். கம்பத்தில் ஒன்று, படகில் ஒன்று, குப்பைத் தொட்டியில் தலை விட்ட ஒன்று. அழுத்தினார், அழுத்தினார், அழுத்தினார். பாறையும் படகும் மட்டுமே உள்ள கட்டங்களை ஏறெடுத்தும் பாரார். மெய்ப்பிக்க என்ற பொத்தானை, தம் திருவிரலால், மெல்ல அழுத்தினார்.

"தவறு. மீண்டும் முயல்க."

திகைத்தார். புதுக் கட்டங்கள் வந்தன. மீண்டும் கவனமாய்த் தேர்ந்தார். மீண்டும் தவறு. அப்போதுதான், நடுக்கட்டத்தில், முதன்முறையும் இம்முறையும் மாறாது அமர்ந்திருந்த ஒரு பறவையின் மேல் அவர் பார்வை விழுந்தது. ஒல்லி உடல், கருந்தொப்பி வைத்தாற்போல் தலை, கத்தரிக்கோல் திறந்தாற்போல் பிளந்த வால், ஊசி போன்ற சிவந்த அலகு. ஆலா! ஐயமே இல்லை, ஆலா! கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் கடல் ஒன்றே பொது. பாவி இயந்திரம் இந்த ஆலாவைக் கடற்காகம் என்று எங்கோ கற்று வைத்துக்கொண்டு, அதை ஒத்துக்கொள்பவனே மனிதன் என்று அடம் பிடிக்கிறது என்பது பெருமானுக்குப் புரிந்தது.

"அந்த நடுவுல இருக்கிறத விட்டுட்டீங்க" என்றார் அம்மையார்.

"விடவில்லை. அது ஆலா!"

"பாத்தா அதே மாதிரிதான இருக்கு?"

ஐயோ, அச்சொல்! எச்சொல்லைக் கேட்டால் எம்பெருமான் அலமாரி அதிர எழுவாரோ, அச்சொல்! எழுந்தார். குளுக்கோஸ் டப்பாக்கள் குலுங்கின. பஞ்சுச் சுருளொன்று உருண்டு ஓடியது. பைனாகுலர் மார்பில் மோத, வலக்கையைத் திரைமேல் நீட்டி, "கேள், அறிவிலா இயந்திரமே! காய்ச்சல் மாத்திரையைக் கேட்டவனுக்கு நான் வயிற்றுவலி மாத்திரை கொடுத்ததில்லை! தைலம் கேட்டவனுக்குக் களிம்பு கொடுத்ததில்லை! என் கை நீட்டியது எதுவோ, அது அதுவாகவே இருந்திருக்கிறது! உன் ஒற்றைப் பொத்தானுக்காக ஆலாவைக் காகமென்பேனா? நான் மனிதனல்லன் என்று நீ சொன்னாலும் சொல். ஆனால் அது காகமன்று!" என்று கர்ஜித்தார். மூன்றாம் முறையும், ஆலாவை விட்டுவிட்டு, ஏனையவற்றைத் தேர்ந்தார். மூன்றாம் முறையும் தவறு.

"என்னங்க, அது கிட்ட போய் யாருங்க சண்ட போடுவா? அழுத்தித் தொலைங்களேன்!"

"மாட்டேன்."

அம்மையார் மேலும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாயகர் வென்றிருப்பார். எத்தனையோ வசவுகளை வென்றவர் அவர். அம்மையார் ஸ்டூலுக்குப் பின்னே போய், கதவோரம் துணிப்பையில் வைத்திருந்த இருவர் காலணிகளையும் எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் அமர்ந்தார். இடம் கிடைத்ததும் கடையிலிருந்தே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்தார் போலும். விதை ஒன்றில்லாமல், முள் ஒன்றில்லாமல், பளபளவென்று, பல் தேய்த்த குழந்தைகள்போல அவை அவர் மடியில் இருந்தன. ஒட்டுப்பட்டையைப் பிரித்தார், மூடினார், பிரித்தார், மூடினார். "எனக்குத் தெரியும், இதுவும் சேறுதான்" என்று மெதுவாய்ச் சொன்னார்.

எரிமலைக்கும் அசையாத பெருமான் நெஞ்சு அந்த ஒட்டுப்பட்டைச் சத்தத்தில் கிழிந்தது. ஒருபுறம் வாழ்நாள் முழுதும் காத்த மெய். மறுபுறம் சதுப்பு நிலத்திலிருந்து இன்றுவரை காத்திருக்கும் ஒரு மனுஷி. என்ன செய்வார் பாவம்! மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், தாம் செய்வதைத் தாமே காணாதிருக்க. விரல் நடுங்கிற்று. மங்கலாய்த் தெரிந்த அந்த மெல்லிய உடலை, அந்தக் கருந்தொப்பியை, அந்தப் பிளந்த வாலை நோக்கி, "மன்னித்துவிடு" என்று முணுமுணுத்து, அழுத்தினார்.

ஆலா காகமாயிற்று.

பச்சை நிறத்தில் ஒரு குறி ஒளிர்ந்தது. "நன்றி. நீவிர் மனிதரே" என்றது இயந்திரம். மனிதர் என்று மெய்ப்பிக்கப்பட்ட அந்நொடியில் அவர் கண்கள் கலங்கியிருந்தன என்பதை அம்மையார் பார்த்தார். பார்த்துவிட்டு, தம் முந்தானையாலேயே அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டியும் விட்டார்.

மாட்டிய கண்ணாடியின் வழியே அவர் முதலில் கண்டது இது: "ஓர் இடமே மீதம்."

அதே வேளையில் தொலைபேசி அலறியது. ஒலிபெருக்கியில் டயர்க் கடை அதிர்ந்தது. "மாப்ள! எனக்கு ஒரு சீட்டு கெடச்சிருச்சு! சும்மா போட்டுப் பாத்தேன். கடைசியில எதோ காக்காவெல்லாம் காட்டி அமுக்கச் சொன்னான். எல்லாம் காக்காதானே, பட்டுப்பட்டுனு பறவ இருந்ததையெல்லாம் அமுக்கிட்டேன். நீங்க ரெண்டு பேரும் போட்டாச்சா?" கிரீஸ் படிந்த அந்தக் கட்டைவிரல், ஆலா என்றும் காகம் என்றும் ஒரு கணமும் மயங்காமல், கறார்ப் பெருமான் கர்ஜித்துக்கொண்டிருந்த அந்த இடைவெளிக்குள் புகுந்து, சர்வ சாதாரணமாய் வென்றுவிட்டிருந்தது. போரில் தோற்பது வீரர்க்கு அழகுதான். ஆனால் மச்சானிடமா தோற்பது?

நேயர்களே, ஈதென்ன அநீதி என்று எம்மேல் பாயாதீர். காப்புப் பாட்டில் நாம் கேட்டதும் இடமொன்றுதான். இரண்டு என்று பாடினால் செய்யுள் நொண்டியது.

திரை வினவியது: "பயணி ஒன்று மட்டும் செல்ல விருப்பமா? ஆம். இல்லை." பயணி ஒன்று யார் என்பது நமக்குத் தெரியும். நாயகர் கதவு வழியே கடைச்சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். இறக்கை விரித்த பேரரசு அவரைப் பார்த்தது. பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். காவிய நாயகியர் இத்தருணத்தில் என்ன செய்வார்கள் என்பது அவர் அறிந்ததே. கண்ணீர் மல்க, 'நீங்க போய்ட்டு வாங்க, நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி' என்பார்கள். அச்சொல்லுக்காக அவர் முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டார்.

"நீங்க போங்கன்னு நான் சொன்னா, போயிருவீங்கதானே?" என்று கேட்டார் அம்மையார்.

பொய் சொல்லிப் பழகியிருந்தால் அன்று பிழைத்திருப்பார். சற்றுமுன் சொன்ன ஒரு பொய்யிலேயே களைத்திருந்தார். "போயிருவேன்" என்றார்.

"அதான் சொல்லல" என்று 'ஆம்' என்பதை அழுத்தினார் டோக்கன் அம்மையார். வரிசையில் முதலில் நின்றவருக்கே முதல் இடம். அது அவர் தொழில்.

கப்பல் போயிற்று. அண்ணனும் தங்கையும் போயினர். பளபளக்கும் ஒரு ஜோடிக் காலணி போயிற்று, மறுஜோடி அலமாரியில் கிடந்தது. பைனாகுலரும் போயிற்று. "உங்களுக்கு இங்க எதுக்கு அது?" என்று அம்மையார் வாங்கிப் போனார். கழுத்து வெறுமையாகி, பிடரித் தழும்பு காற்றில் ஆறி, கறார்ப் பெருமான் கடையில் நின்றார். வாசலில் சிறகடித்தால்கூட ஓடவில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. எரிச்சலுக்கான மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் வகைவகையாய் இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் நண்பகலில், கப்பல் துறைமுகம் திரும்பிய செய்தியோடு, அவர் தொலைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. தலைவலியோடு ஒருவர் கடைக்குள் ஏறிக்கொண்டிருந்தார். அவரை நிற்கச் சொல்லிவிட்டுப் படத்தைத் திறந்தார்.

படம் நிரம்ப ஒற்றை அல்பட்ராஸ்! நாட்காட்டியில் உள்ளது ஒன்றுமே இல்லை என்னும்படி, கைதொடும் தூரத்தில், கூட்டை விட்டு எழுந்து, வெண்பனி அனைய மார்பும் ஒரு கரை தொடங்கி மறுகரை ஓடும் இறக்கையும் முழுதாய் விரித்து, கறார்ப் பெருமானின் கண்ணையே நேராய் நோக்கியபடி, அந்தப் பேரரசு நின்றது. அதன் பின்னே ஓரமாய், மச்சானின் தொந்தி. அடியில் அம்மையாரின் சொற்கள்: "என்னங்க! திமிங்கலம் பாத்துட்டேன்! வாயத் தொறந்துது, ஒரு பல்லு கெடையாது, நான் அழுதே அழுதுட்டேன். நீங்க இல்லாததுதான் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம், இந்த வாத்து எங்கள விட்டு நகரவே இல்ல. வாத்து இல்ல, வெள்ளக் காக்காங்கறான் அண்ணன். இது என்னங்க பறவ?"

கறார்ப் பெருமான் படத்தைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். வாழ்நாள் மெய் அனைத்தும் திரண்டு கட்டைவிரல் நுனிக்கு வந்து, அப்பறவையின் பெருமையையும் குலத்தையும் கடல் கடக்கும் ஆற்றலையும் எடுத்தோதத் துடித்தது. நீ பார்த்தது எது தெரியுமா, எதன் முன் நின்றாய் தெரியுமா என்று சொல்லத் துடித்தது. உடனே, அந்தச் செய்தி டயர்க் கடைக்குப் போகும். டயர்க் கடையில் அப்படம் சட்டமிட்டு மாட்டப்படும். ஞாயிறுதோறும் சாய்வு நாற்காலியிலிருந்து அது பேசப்படும் என்னும் தீக்காட்சியும் கண்முன் விரிந்தது. ஆலாவைக் காகமாக்கிய அதே விரல், இம்முறை நடுங்கவே இல்லை.

"வாத்துதான்" என்று அனுப்பினார்.

பிறகு, வந்தவர் கேட்ட தலைவலித் தைலம் கடையில் இல்லாததால், அதே மாதிரி வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.